கூடத்துக்கு இன்னோர் அலமாரி அடிக்கலாமா?

மூன்றாம்மாடி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கூடம் 10-க்கு 14 அடி. குடிவந்த புதிதில் பேசினால் எதிரொலி கேட்கும், பிள்ளைகள் அதற்காகவே கத்துவார்கள். ஆறு வருடம் ஆயிற்று, இப்போது எதிரொலியும் இல்லை, நடக்க வழியும் இல்லை. சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே உடம்பைத் திருப்பிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. சாப்பாட்டு மேசையில் பாதிக்கு மேல் காகிதம், நாலு பேரும் மீதிப் பாதியில் முழங்கை இடித்துக்கொண்டு சாப்பிடுகிறோம். யாராவது வருவதாகப் போன் செய்தால் எதை எங்கே திணிப்பது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றுகிறது.

அதனால் நீளச் சுவரில் தரையிலிருந்து மேல்தளம் வரை ஓர் அலமாரி அடித்துவிடலாம் என்று நானும் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். 8 அடி அகலம், 2 அடி ஆழம். கதவு வெள்ளையா, மர நிறமா என்பதில்தான் சண்டை. எது போட்டால் கூடம் பெரிதாகத் தெரியும்?

தச்சன்மகன்

நிறம் அப்புறம் பார்க்கலாம் அக்கா, முதலில் கணக்கு. உங்கள் கூடம் 140 சதுர அடி. அலமாரி அதில் 16 சதுர அடியை எடுத்துக்கொள்ளும். நாலு கதவு வைத்தால் ஒவ்வொன்றும் 2 அடி வெளியே வந்து திறக்கும், அந்த இடத்தில் எதையும் வைக்க முடியாது, அது இன்னொரு 16. ஆக 32 சதுர அடி, கூடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. தள்ளுகதவு வைத்தால் இரண்டாவது 16 மிச்சமாகும், ஆனால் ஒரு நேரத்தில் பாதி அலமாரியைத்தான் திறக்க முடியும்.

அடுத்தது ஆழம். ஹேங்கரில் சட்டை மாட்டுவதற்குத்தான் 2 அடி வேண்டும். புத்தகத்துக்கு 10 அங்குலம் போதும், மிஞ்சிப்போனால் ஓர் அடி. தட்டு ஆழமாக இருந்தால் என்ன ஆகும் என்பதை அப்பாவோடு வேலைக்குப் போன வீடுகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். முன்வரிசைக்குப் பின்னால் ஒரு வரிசை, அதற்கும் பின்னால் இன்னொன்று. பழைய அலமாரியைக் கழற்றும்போது கடைசி வரிசையிலிருந்து வரும் சாமானைப் பார்த்து வீட்டுக்காரர்களே "அட, இது நம்மிடம் இருக்கிறதா" என்பார்கள். சிலர் அதே சாமானைப் புதிதாக வாங்கி முன்வரிசையில் வைத்திருப்பார்கள்.

அலமாரி அடித்தால்தான் எங்களுக்கு வருமானம், இருந்தாலும் கேட்கிறேன். உள்ளே என்ன வைக்கப் போகிறீர்கள்? ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

மூன்றாம்மாடி

எழுதினேன் தம்பி. எழுதும்போதே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. டிவி, மிக்ஸி, பிரின்டர் வந்த அட்டைப்பெட்டிகள் (வீடு மாறினால் வேண்டுமே என்று வைத்தது, ஆறு வருடமாக மாறவில்லை). மூன்று சூட்கேஸ். போர்வை மூட்டை. பிள்ளைகளின் முடிந்துபோன பள்ளி நோட்டுகள். எதற்கு என்றே தெரியாத வயர்கள் ஒரு பை. பைகளைப் போட்டுவைக்கும் பை ஒன்று. ஓடாத கம்ப்யூட்டர். மடக்கு மேசை. அப்புறம் கணவர் வாங்கிய உடற்பயிற்சி சைக்கிள். அவர் மிதித்தது எல்லாம் சேர்த்துப் பதினைந்து நாள் இருக்கும், இப்போது அது துண்டு காயப்போடும் கொடி.

வெறுந்தரை

ஆக, அட்டைப்பெட்டிகள் குடியிருக்க வீடு கட்டித் தரப் போகிறீர்கள். எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள், அலமாரியே வேண்டாம்.

பழையபெட்டி

தம்பி வெறுந்தரை, தூக்கிப் போடுவது சுலபம். நானும் ஒரு நாள் ஆவேசம் வந்து மூன்று மூட்டை கட்டிப் போட்டவன்தான். அடுத்த வாரம் சுவரில் ஓட்டை போட டிரில்லிங் மெஷினை எடுத்தால், முனையைப் பூட்டும் சாவி மூட்டையோடு போயிருக்கிறது. மெஷின் இருக்கிறது, சாவி இல்லை. அதுகூடப் பரவாயில்லை, வேறு வாங்கிக்கொள்ளலாம். பழைய நோட்டு என்று கட்டிப் போட்டதில் என் மனைவி கையெழுத்தில் எழுதிய வீட்டுக் கணக்கு நோட்டும் சேர்ந்துவிட்டது. அவர் போய் அப்போது இரண்டு வருடம். அதை எந்தக் கடையில் போய்க் கேட்பேன்?

அதனால் அந்த அம்மாவை அவசரப்படுத்தாதீர்கள்.

வெறுந்தரை

மன்னிக்க வேண்டும் ஐயா. யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

ஜன்னலோரம்

பழையபெட்டி ஐயா சொன்னதில்தான் வேலையின் வரிசையே இருக்கிறது. நினைவு ஒட்டியிருக்கும் பொருளைக் கடைசிக்குத் தள்ளுங்கள். எல்லோரும் பழைய போட்டோவில் ஆரம்பிக்கிறார்கள், ஒரு மணி நேரத்தில் ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுகிறார்கள், அன்றைய வேலை அதோடு சரி. முதலில் அட்டைப்பெட்டி, வயர், பை. இவற்றுக்காக யாரும் அழப் போவதில்லை. கை பழகிய பிறகு துணி. காகிதம் அதற்கப்புறம். கடிதம், போட்டோ, பிள்ளைகள் வரைந்தவை எல்லாம் கடைசியில், அதுவும் மனது சரியாக இருக்கும் ஒரு நாளில்.

கணக்குப்புலி

இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. 1990-ல் கானமன், நெட்ச், தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் வெளியிட்டது. மாணவர்களில் ஒரு பகுதியினர் கையில் ஒரு குவளையைக் கொடுத்து, இதை விற்பதானால் என்ன விலை கேட்பாய் என்றார்கள். குவளை கிடைக்காதவர்களிடம், வாங்குவதானால் என்ன தருவாய் என்றார்கள். கையில் வைத்திருந்தவர்கள் கேட்டது, மற்றவர்கள் தருவதாகச் சொன்னதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இத்தனைக்கும் குவளை அவர்கள் கைக்கு வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நம் வீட்டு மிக்ஸிப் பெட்டி ஆறு வருடமாக நம்மோடு இருக்கிறது!

அதனால் "இது தேவையா" என்று கேட்காதீர்கள், எல்லாமே தேவை என்றுதான் பதில் வரும். "இது என்னிடம் இல்லாமல் இருந்தால் இன்று காசு கொடுத்து வாங்குவேனா" என்று கேட்டுப் பாருங்கள். நான் இப்படிக் கேட்டே இரண்டு நாற்காலிகளை வெளியே அனுப்பினேன்.

இரட்டைவால்

நல்ல கேள்வி, ஆனால் அதை உங்கள் பொருளிடம் மட்டும் கேளுங்கள். நான் என் வீட்டுக்காரரின் வயர் பெட்டியிடம் கேட்டேன், அது பதில் சொல்லவில்லை, போட்டுவிட்டேன். மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது ஒரு ஏற்பாடு: அவருக்கென்று ஒரு பெட்டி, ஷூ பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. அதில் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம், நான் திறக்கக்கூட மாட்டேன். மூடி மூடாவிட்டால் எதை எடுப்பது என்பது அவர் பாடு. போன வாரம் தானாகவே ஏழு சார்ஜரை எடுத்து வெளியே வைத்தார், நான் வாயே திறக்கவில்லை.

மூன்றாம்மாடி அக்கா, உங்கள் பிள்ளைகளுக்கு என்ன வயது? பொம்மைகளைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லையே.

மூன்றாம்மாடி

ஒன்பதும் மூன்றும். எழுதினால் தாள் போதாது. சோபாவுக்கு அடியில் ஓர் உலகம் இருக்கிறது.

இரட்டைவால்

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். 2018-ல் வந்த ஓர் ஆய்வில், நடை பழகிய வயதுக் குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும் இன்னொருமுறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டுப் பார்த்தார்கள். நாலே இருந்தபோது ஒவ்வொரு பொம்மையோடும் கூடுதல் நேரம் விளையாடின, ஒரே பொம்மையை வெவ்வேறு விதமாகவும் பயன்படுத்தின. படித்துவிட்டு நானும் பொம்மைகளை நாலு பையாகப் பிரித்துக் கட்டினேன். ஒரு பை வெளியே இருக்கும், மூன்று பரணில். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவேன். பரணிலிருந்து இறங்கி வரும் பையைப் புதிதாக வாங்கியது போலப் பிரிக்கிறார்கள். எதையும் போடவில்லை, எதையும் வாங்கவும் இல்லை, கூடத்தில் தரை தெரிகிறது.

ஜன்னலோரம்

சாமான் குறைவது ஒரு பக்கம். இருக்கிற சாமானோடேயே அறை பெரிதாகத் தெரிய வேண்டும் என்றுதானே முதலில் கேட்டார்கள், அதற்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள், இதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

வாசலில் நின்று பாருங்கள். கண் முதலில் போவது எதிர்மூலைக்கு. நிற்கும் இடத்திலிருந்து எதிர்மூலை வரை குறுக்காகப் போகும் கோடுதான் அறையிலேயே நீளமான கோடு. அந்தக் கோட்டில் உயரமான எதுவும் நிற்கக் கூடாது. பீரோ, உயரமான தட்டு எல்லாம் உள்ளே வருபவரின் முதுகுப் பக்கச் சுவருக்குப் போகட்டும். உட்காரும் சாமான்கள் எதிரே இருக்கலாம், அவை தாழ்வானவை.

அடுத்தது தரை. அறையின் அளவைக் கண் தரையை வைத்துத்தான் எடை போடுகிறது. கால் உயரமாக உள்ள சோபா என்றால் அதன் அடியிலும் தரை ஓடுவது தெரியும், பெட்டி மாதிரித் தரையோடு உட்கார்ந்த சோபா என்றால் தரை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் அந்தக் காலுக்கு நடுவில் மூட்டையைத் திணித்தால் கால் இருந்தும் பயனில்லை. அதேபோல் சின்ன அறைக்குச் சின்னச் சின்னதாக நிறையச் சாமான் வாங்குவது பலர் செய்யும் தவறு. நாலு குட்டி நாற்காலி, மூன்று முக்காலி, இரண்டு குட்டித் தட்டு என்று இருந்தால் கண்ணுக்கு நிற்க இடமே கிடைக்காது. அதைவிட ஒரே ஒரு பெரிய சோபா அமைதியாக இருக்கும். விரிப்பும் அப்படித்தான், நடுவில் தபால்தலை மாதிரி ஒரு குட்டி விரிப்பு போட்டால் அறையும் அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். போட்டால் சோபாவின் முன்கால்களாவது ஏறி நிற்கும் அளவுக்குப் போடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

திரைச்சீலைக் கம்பியை ஜன்னலின் தலையில் மாட்டாமல் மேல்தளத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள், இரண்டு பக்கமும் ஜன்னலைத் தாண்டி ஓர் அரை அடியாவது போகட்டும். திரையை ஒதுக்கினால் அது சுவர் மேல் போய் நிற்கும், கண்ணாடி முழுவதும் வெளிச்சத்துக்கு. இப்போது பல வீடுகளில் ஒதுக்கிய திரையே ஜன்னலில் கால்வாசியை மூடிக்கொண்டிருக்கிறது.

ராத்திரிக்கு: நடு மேல்தளத்தில் ஒரே ஒரு விளக்கு இருந்தால் மூலைகள் இருட்டாகிவிடும், இருட்டான மூலையைக் கண் கணக்கில் சேர்க்காது. இரண்டு மூலையில் சுவர் மேல் வெளிச்சம் விழும்படி சின்ன விளக்கு வைத்தால் சுவர் பின்னுக்குப் போனது போல இருக்கும்.

வெறுந்தரை

நிலைக்கண்ணாடி வைத்தால் அறை இரண்டு மடங்காகத் தெரியும் என்கிறார்களே?

ஜன்னலோரம்

எதிரே இருப்பதைத்தான் அது இரண்டாக்கும். ஜன்னலுக்கு எதிரே வைத்தால் இன்னொரு ஜன்னல். எங்கள் சித்தி வீட்டில் துணி குவியும் நாற்காலிக்கு எதிரே வைத்தார்கள், இப்போது இரண்டு குவியல். ஆணி அடிப்பதற்கு முன் யாரையாவது கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

கணக்குப்புலி

சுவருக்கு வெள்ளைதான் அடிக்க வேண்டுமா? எனக்கு வெள்ளையைப் பார்த்தால் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது.

ஜன்னலோரம்

அவசியமில்லை. பெயின்ட் விவரத்தில் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் கொடுத்திருப்பார்கள். 0 என்றால் வெளிச்சத்தை முழுக்க விழுங்கும் கறுப்பு, 100 என்றால் முழுக்கத் திருப்பி அனுப்பும் வெள்ளை. 70-க்கு மேல் எந்த நிறமானாலும் அறை வெளிச்சமாகவே இருக்கும், அது இளம் மஞ்சளானாலும் சரி, இளம் பச்சையானாலும் சரி. நிறத்தைவிட முக்கியம் கோடுகளைக் குறைப்பது. சுவர் ஒரு நிறம், கதவு ஒரு நிறம், அலமாரி ஒரு நிறம் என்றால் ஒவ்வொரு விளிம்பும் தனித்தனியாகக் கண்ணில் குத்தும். அதனால் மூன்றாம்மாடி, வெள்ளையா மர நிறமா என்ற சண்டைக்குப் பதில் இதுதான்: அலமாரி வந்தால் சுவரின் நிறமே அதற்கும்.

பழையபெட்டி

ஃப்ராங்க் லாய்ட் ரைட் என்ற கட்டடக் கலைஞர் வாசலை வேண்டுமென்றே தாழ்வாகவும் ஒடுக்கமாகவும் கட்டுவார். அதைத் தாண்டிக் கூடத்துக்குள் வந்ததும் திடீரென்று விரிந்தது போல இருக்கும். நம் வீட்டில் வாசலும் ஒடுக்கம், கூடமும் ஒடுக்கம், விரியும் இடம்தான் இன்னும் வரவில்லை.

மூன்றாம்மாடி

ஐயா, சிரித்துவிட்டேன்.

சரி, ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தேன். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் போகும் கதவின் பின்னால் போய் நின்றேன். அந்தக் கதவு பாதிதான் திறக்கும். பின்னால் மடக்கு மேசை, அதன் முன் சூட்கேஸ்கள், மேலே போர்வை மூட்டை. எத்தனை வருடமாகத் தோளைச் சாய்த்துக்கொண்டு அந்த வழியாகப் போகிறோம் என்று யோசித்தேன், தெரியவில்லை. சின்னவள் பிறந்ததிலிருந்து அந்தக் கதவு முழுசாகத் திறந்து பார்த்ததே இல்லை.

பெரிய சூட்கேஸைத் திறந்தால் உள்ளே சின்ன சூட்கேஸ். அதற்குள் ஒரு தோள்பை. தோள்பைக்குள் ரப்பர் பேண்ட் போட்டு, உத்தரவாதத்துக்கு வேண்டும் என்று பத்திரமாக வைத்த ரசீதுக் கட்டு. ரப்பர் பேண்ட் தொட்டதும் உதிர்ந்துவிட்டது. ரசீதுகளில் ஓர் எழுத்துகூட இல்லை, எல்லாம் மங்கி வெறும் தாளாக இருக்கின்றன. மூன்று பெட்டியில் வெள்ளைத் தாளைப் பூட்டி வைத்திருக்கிறேன்!

தச்சன்மகன்

அது சூடு பட்டால் கறுக்கும் தாள் அக்கா, மையே கிடையாது, நாளாக ஆக மங்கிவிடும். வாங்கிய அன்றே போனில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொண்டால் போதும்.

ஒழிக்கும்போது சில விஷயம் கவனம். பழைய போன், பவர்பேங்க் பேட்டரி எதையும் குப்பையோடு போடாதீர்கள், நசுங்கினால் தீப்பிடிக்கும். உப்பிப்போனதைக் குத்திப் பார்க்கவே கூடாது, மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள். போர்வையைக் காற்று உறிஞ்சும் பையில் வைப்பதானால் நன்றாகக் காய்ந்த பிறகு வையுங்கள், ஈரத்தோடு மூடினால் உள்ளேயே பூசணம் பிடிக்கும். வெளிச்சுவரை ஒட்டி பீரோ இருந்தால் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள், அதுவும் இதற்காகத்தான். உங்கள் வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது, உயரமான தட்டு எதுவானாலும் மேல்பக்கத்தைச் சுவரோடு இரும்புப் பட்டை வைத்துத் திருகிவிட வேண்டும். கீழ் டிராயரைப் படியாக்கி ஏறினால் முழுசாக மேலே சாய்ந்துவிடும். இதை மட்டும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

நடக்கும் வழிக்கு இரண்டரை அடியாவது விடுங்கள், மூன்று இருந்தால் இன்னும் நல்லது. சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே ஒன்றரை அடி போதும்.

கணக்குப்புலி

சைக்கிள் என்ன ஆயிற்று?

மூன்றாம்மாடி

அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, இரட்டைவால் சொன்ன மாதிரி. துண்டுகளை மட்டும் எடுத்து மடித்து வைத்தேன். வெறும் சைக்கிளாக இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் அவரே அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தம்பிக்குக் கொடுத்துவிடலாமா, அவன் கேட்டான்" என்றார். தம்பி கேட்டானா என்று நான் விசாரிக்கவில்லை.

அலமாரியும் சுருங்கிவிட்டது. இப்போது மிச்சம் இருப்பது புத்தகமும், வேண்டிய காகிதமும், பொம்மைப் பைகளும்தான். ஓர் அடி ஆழம், 4 அடி அகலம், சுவர் நிறம். தச்சன்மகன் தம்பிக்குத்தான் நஷ்டம்.

வெறுந்தரை

அந்தக் கதவு?

மூன்றாம்மாடி

அதற்குத்தான் வந்தேன், கேட்கவே மறந்துவிட்டேன். பின்னால் இருந்ததை எல்லாம் எடுத்தாயிற்று. நேற்று சின்னவள் வழக்கம்போல ஓடிவந்து கதவைத் தள்ளினாள், எப்போதும் மூட்டையில் மோதி நின்றுவிடும் அல்லவா, நேற்று நிற்காமல் போய்க் கைப்பிடி சுவரில் டமார் என்று இடித்தது. எல்லோரும் பயந்துபோய் எழுந்துவிட்டோம். சுவரில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பள்ளம். இதற்கு என்ன செய்வது?

தச்சன்மகன்

தரையில் திருகும் ஸ்டாப்பர் போடுங்கள். கீல் பக்கமாகப் போட்டால் ஒவ்வொரு தடவையும் கீல் திருகுகளை நெம்பும், கதவு திறக்கும் விளிம்பிலிருந்து மூன்று அங்குலத்துக்குள் இருக்கட்டும். டைல்ஸைத் துளைக்க பயமாக இருந்தால் கைப்பிடி படும் இடத்தில் சுவரில் ஒரு ரப்பர் வில்லை ஒட்டுங்கள், போதும்.

மூன்றாம்மாடி

நன்றி தம்பி. வாங்கி வரும் வரை கைப்பிடியில் ஒரு பழைய காலுறையைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். ஜோடி தொலைந்து, என்றைக்காவது உதவும் என்று வைத்திருந்தது.

பழையபெட்டி

சொன்னேனா இல்லையா.